வீட்டிலேயே பாட்டு ரெக்கார்டு பண்றீங்களா? காசு செலவழிச்சும் சொதப்புறது ஏன்? புது மைக் வாங்கும் முன் இதைப் படிங்க!

லேப்டாப் இருக்கு. ஆர்டர் போட்ட மைக்கும் வந்தாச்சு. ஹெட்போன் ரெடி, சாஃப்ட்வேர் இலவசம். இனி பாட வேண்டியதுதான் பாக்கி என்று உட்காரும்போதுதான் சிக்கலே ஆரம்பிக்குது.

பதிவானதைப் போட்டுக் கேட்டால் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போல் இருக்கும். தாளம் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம் ஓடும். பின்னணியில் விடாமல் ஓர் இரைச்சல். உடனே பலரும் எடுக்கும் முடிவு, 'இந்த மைக் சரியில்ல, இதைவிட நல்லதா வாங்கணும்'.

அந்த முடிவுதான் பெரும்பாலும் தப்பு. வீட்டு ரெக்கார்டிங்கைக் கெடுப்பது அறை, மைக் வைக்கும் தூரம், கம்ப்யூட்டர் செட்டிங், ஒலி அளவு ஆகிய நான்கும்தான். இவற்றைச் சரிசெய்யப் பெரிதாகக் காசு தேவையில்லை. எப்படி? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பெட்ரூமில் பதிவான பாட்டுக்கு கிராமி!

வீட்டில் பதிவு செய்தால் தரம் வராது என்பது உண்மையல்ல. ஏ.ஆர்.ரஹ்மான் 1989-ல் தொடங்கிய 'பஞ்சதன் ரெக்கார்டு இன்', கோடம்பாக்கத்தில் அவரது வீட்டை ஒட்டி இருந்த ஸ்டுடியோதான். அதிலிருந்து மூன்றே வருஷத்தில் 'ரோஜா' வந்தது. அமெரிக்கப் பாடகி பில்லி எய்லிஷும் அவரது அண்ணன் ஃபினியஸும் 2019-ல் வெளியிட்ட ஆல்பம், பெற்றோர் வீட்டில் ஒரு பெட்ரூமில் பதிவானது. 2020-ல் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருது அதற்குத்தான் கிடைத்தது.

ஆனால் இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கு. அந்த ஆல்பத்தை பெட்ரூமில் பதிவு செய்தார்களே தவிர, கடைசி மிக்ஸிங்கைச் செய்தவர் ராப் கினெல்ஸ்கி என்ற தனி இன்ஜினியர். ரஹ்மானுக்கும் எச்.ஸ்ரீதர் போன்ற தேர்ந்த ஒலிப்பொறியாளர் கூடவே இருந்தார். வீட்டில் தனியாக உட்காருகிறவருக்குப் பாடகர், இன்ஜினியர், மிக்ஸிங் ஆள், கம்ப்யூட்டர் மெக்கானிக் என நான்கு வேலையும் ஒரே தலையில். பாதி எரிச்சல் இங்கிருந்துதான் வருது.

பெரம்பலூர், அரியலூருக்கு இது ஏன் முக்கியம்?

பெரம்பலூர்க்காரர் ஒருவர் பெரிய ஸ்டுடியோவுக்குப் போக வேண்டும் என்றால் சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் திருச்சிக்குப் போகணும். இல்லையென்றால் சென்னை. வாடகை, பயணம், ஒரு நாள் கூலி எல்லாம் சேர்ந்தால் செலவு கையைக் கடிக்கும். அதனால்தான் வேப்பந்தட்டை, குன்னம், செந்துறை, ஜெயங்கொண்டம் பக்கத்துப் பசங்களுக்கு வீட்டு ரெக்கார்டிங்தான் கைக்கு எட்டும் வழி.

இன்னொரு காரணமும் இருக்கு. நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி தெரிந்தவர்கள் இன்று பெரும்பாலும் வயதானவர்கள். அதிலும் சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது என்று நினைப்பவர்கள் ஏராளம். கெஞ்சிக் கேட்டு ஒரு அப்பத்தா ஒரே ஒரு தடவை பாடுகிறார் என்று வையுங்கள். அந்தப் பதிவு கரகரவென்று போனால் இன்னொரு முறை கேட்க முடியாது. சினிமாப் பாட்டை நூறு டேக் எடுக்கலாம், இதற்கு ஒரே டேக்தான்.

பிரச்னை 1: குரல் கிணற்றுக்குள் கேட்குது

இதற்குக் காரணம் அறை. டைல்ஸ் தரை, சிமென்ட் சுவர், கான்கிரீட் மேல்தளம் எல்லாமே ஒலியைத் திருப்பி அடிக்கும். மைக்குக்கு உங்கள் குரல் நேராக ஒரு முறையும், சுவரில் மோதிப் பல முறையும் வந்து சேரும். நேரில் கேட்கும்போது நம் மூளை இந்த எதிரொலியை ஒதுக்கிவிடும். மைக்குக்கு அப்படி ஒதுக்கத் தெரியாது.

ஒரு சின்ன சோதனை. அறை நடுவில் நின்று ஓங்கி ஒரு கைதட்டுங்கள். 'டங்ங்' என்று ஒலி இழுத்தால் அந்த அறையில் எந்த விலை மைக் வைத்தாலும் அதே கிணறுதான்.

என்ன செய்யலாம்? பெரம்பலூர் பருத்தி விளையும் மாவட்டம், தீர்வும் பஞ்சுதான். பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் ஒரு பஞ்சு மெத்தையை நிறுத்துங்கள். பக்கவாட்டில் கனமான போர்வைகளைக் கொடி கட்டித் தொங்கவிடுங்கள். தரையில் ஜமக்காளம் விரியுங்கள். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, அதைப் பார்த்து நின்று பாடினாலும் நல்ல பலன் கிடைக்கும்.

முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டும் பழக்கம் இன்னும் ஓயவில்லை. அது ரொம்ப மெல்லிசு, பெரிய பலன் இல்லை. தெர்மாகோலும் ஒலியை உறிஞ்சாது. ரெண்டுக்கும் செலவு செய்ய வேண்டாம்.

அடுத்தது தூரம். வாயிலிருந்து மைக் ஒரு சாண், அதாவது 15 முதல் 20 சென்டிமீட்டர் இருந்தால் போதும். தூரம் இரட்டிப்பானால் நேராக வரும் குரல் சுமார் 6 டெசிபல் குறையும். ஆனால் அறை எதிரொலி ஏறக்குறைய அப்படியே இருக்கும். தள்ளி நின்று பாடப் பாடக் கிணறு ஆழமாவது இதனால்தான். பறை, பம்பை மாதிரி சத்தம் அதிகமான கருவிகளுக்கு மட்டும் ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி வைக்கலாம்.

பிரச்னை 2: பின்னாடி ஒரே இரைச்சல்

ஃபேன், லேப்டாப் ஃபேன், போர் மோட்டார், பக்கத்து வீட்டு குக்கர், கோயில் ஸ்பீக்கர் என்று வரிசையாக வரும். சென்னை-திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர் என்றால் ராத்திரி முழுக்க லாரி. அரியலூர் பக்கம் என்றால் சிமென்ட் ஆலைக்குப் போய் வரும் லாரிகள்.

லாரியின் உறுமல் தாழ்ந்த அலைவரிசை ஒலி. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை மட்டுமே சுமார் 7 மீட்டர் நீளம். அதைப் போர்வையால் தடுக்க முடியாது. ஆனால் மனிதக் குரலுக்கு அவ்வளவு கீழே பெரிய வேலை இல்லை. எனவே சாஃப்ட்வேரில் 'ஹை பாஸ்' அல்லது 'லோ கட்' என்ற ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வைத்தால் லாரிச் சத்தத்தின் பெரும்பகுதி போய்விடும். குரலுக்குச் சேதாரம் இல்லை.

பல மைக்குகள் முன்பக்க ஒலியை அதிகமாகவும் முதுகுப் பக்க ஒலியைக் குறைவாகவும் எடுக்கும். அதனால் மைக்கின் முதுகு ஃபேன், லேப்டாப், ஜன்னல் பக்கம் இருக்கிற மாதிரி திருப்பி வையுங்கள். வெயில் காலத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார முடியாது என்றால், பாட்டை வரி வரியாகப் பிரித்து, டேக் எடுக்கும் அந்த ரெண்டு நிமிஷம் மட்டும் நிறுத்துங்கள். விடியற்காலை நேரம் இதற்குத் தோது.

'ம்ம்ம்' என்று ஒரே சீராக இரைகிறதா? அது மின்சாரம். இந்தியாவில் கரண்ட் 50 ஹெர்ட்ஸில் வருகிறது, அந்த ஒலிதான் மைக் வயர் வழியாக நுழைகிறது. லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் காரணம் சார்ஜரும் எர்த்தும்தான். பேட்டரியில் ஓடவிட்டுப் பதிவு செய்யுங்கள். இரைச்சலைப் போக்குகிறேன் என்று பிளக்கின் எர்த் பின்னை மட்டும் கழற்றிவிடாதீர்கள், ஷாக் அடிக்கும் ஆபத்து உண்டு.

சாஃப்ட்வேரில் 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' இருக்கே என்று கேட்கலாம். இருக்கு, ஆனால் அளவோடு பயன்படுத்தணும். அதிகமாகப் போனால் குரல் தண்ணிக்குள் முங்கின மாதிரி ஆகிவிடும். பாட ஆரம்பிக்கும் முன் 10 செகண்ட் சும்மா அமைதியைப் பதிவு செய்து வையுங்கள். எது இரைச்சல் என்று சாஃப்ட்வேருக்குக் காட்ட அந்த மாதிரி தேவைப்படும்.

பிரச்னை 3: தாளத்தில்தான் பாடினேன், ஆனா தள்ளிப் போகுது

ரொம்பப் பேரை அழவைக்கும் பிரச்னை இதுதான். பெயர் 'லேட்டன்சி', அதாவது தாமதம்.

நீங்கள் பாடியதை கம்ப்யூட்டர் உடனே கையாளாது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்துத்தான் எடுக்கும். பேருந்து ஆள் நிரம்பும் வரை காத்திருந்து கிளம்புவது மாதிரி. அந்தச் சேமிப்பு அளவுக்குப் பெயர் 'பஃபர்'. நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும்போது பஃபர் 1024 என்றால் ஒரு தடவைக்கு 21 மில்லி செகண்ட் தாமதம். 128 என்றால் 3 மில்லி செகண்டுக்கும் குறைவு. இது உள்ளே போகும்போது ஒரு முறை, வெளியே வரும்போது ஒரு முறை சேரும்.

21 மில்லி செகண்ட் எல்லாம் ஒரு விஷயமா? காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 10 மில்லி செகண்ட் தாமதம் என்பது மேளக்காரர் மூன்றரை மீட்டர் தள்ளி நின்று வாசிப்பதற்குச் சமம். அதைச் சமாளித்துவிடலாம். ப்ளூடூத் ஹெட்போனில் தாமதம் 200 மில்லி செகண்ட் வரைகூடப் போகும். அப்போது மேளக்காரர் 68 மீட்டர் தள்ளி நிற்கிறார். அவரோடு தாளம் பிசகாமல் எப்படிப் பாடுவது?

தீர்வு என்ன?

முதலில், ரெக்கார்டிங்கின்போது ப்ளூடூத் வேண்டவே வேண்டாம். வயர் ஹெட்போன்தான்.

ரெண்டாவது, விண்டோஸ் கம்ப்யூட்டர் என்றால் 'ஏசியோ' டிரைவரைத் தேர்ந்தெடுங்கள். ஜெர்மனியின் ஸ்டெயின்பெர்க் நிறுவனம் உருவாக்கிய முறை இது. விண்டோஸின் நடு அடுக்குகளைத் தாண்டி சாஃப்ட்வேரும் ஆடியோ கார்டும் நேரடியாகப் பேசிக்கொள்ள உதவும். சொந்த டிரைவர் இல்லாத கார்டுகளுக்கு 'ஏசியோ ஃபோர் ஆல்' இலவசமாகக் கிடைக்கும்.

மூன்றாவது, பாடும்போது பஃபரை 128 அல்லது 256-க்குக் குறையுங்கள். 'டிக் டிக்' என்று வெட்டினால் கம்ப்யூட்டர் திணறுகிறது என்று அர்த்தம், ஒரு படி ஏற்றுங்கள். மிக்ஸ் செய்யும்போது 1024-க்குப் போய்விடலாம், அப்போது தாமதத்தால் நஷ்டம் இல்லை.

நான்காவது, ஆடியோ இன்டர்ஃபேஸில் 'டைரக்ட் மானிட்டர்' பட்டன் இருந்தால் போடுங்கள். உங்கள் குரல் கம்ப்யூட்டருக்குள் சுற்றாமல் நேராகக் காதுக்கு வரும்.

இவ்வளவுக்குப் பிறகும் தள்ளிப் போகுதா? ஹெட்போனை மைக்கோடு ஒட்டி வைத்து மெட்ரோனோம் ஒலியைப் பதிவு செய்யுங்கள. அசல் 'டிக்'குக்கும் பதிவான 'டிக்'குக்கும் எவ்வளவு இடைவெளி என்று திரையிலேயே தெரியும். அந்த அளவை 'லேட்டன்சி காம்பென்சேஷன்' இடத்தில் போட்டால் சரியாகிவிடும். அடாசிட்டியில் வழக்கமாக மைனஸ் 130 மில்லி செகண்ட் என்று இருக்கும். அது பொதுவாகப் போட்டு வைத்த கணக்குதான், உங்கள் கம்ப்யூட்டருக்கு நீங்கள்தான் மாற்றணும்.

பிரச்னை 4: உச்சத்துக்குப் போனா கரகரன்னு கிழியுது

டிஜிட்டல் பதிவில் 0 டெசிபல்தான் கூரை. அதற்கு மேல் போகும் ஒலி அலையின் தலை வெட்டுப்படும். இதுக்குப் பேர் 'கிளிப்பிங்'. வெட்டுப்பட்டது போனதுதான். ஓரளவு ஒப்பேற்றும் கருவிகள் உண்டே தவிர, பழைய குரலை அப்படியே மீட்க முடியாது.

ஒப்பாரி, தெருக்கூத்துப் பாட்டு போன்றவற்றில் இந்த ஆபத்து அதிகம். முணுமுணுப்பில் தொடங்கும் குரல் ஒரே மூச்சில் உச்சத்துக்கு ஏறும். அந்த உச்சத்தில்தான் பாட்டின் உயிரே இருக்கும், கிழிவதும் அங்கேதான்.

எனவே பாட்டின் முதல் வரியை வைத்து அளவு பார்க்காதீர்கள். உச்சத்தில் வரும் ஒரு வரியை முதலில் பாடச் சொல்லி, அப்போது மீட்டர் மைனஸ் 12 டெசிபல் அருகே நிற்கிற மாதிரி வையுங்கள். 'சத்தம் கம்மியா இருக்கே' என்ற பயம் வேண்டாம். 24 பிட்டில் பதிவு செய்தால் ஒலி அளவுக்குச் சுமார் 1 கோடியே 67 லட்சம் படிகள் கிடைக்கும். 16 பிட்டில் 65,536 தான். 24 பிட்டில் எடுத்த சன்னமான குரலைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். கிழிந்த குரலை ஒட்ட முடியாது.

விண்டோஸ் சவுண்டு செட்டிங்கில் 'என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்று இருப்பதையும் அணைத்துவிடுங்கள். அது பேச்சுக்கானது. பாட்டில் தானாகவே ஒலியை ஏற்றி இறக்கிக் குழப்பும்.

விலை குறைந்த கண்டென்சர் மைக்கை நேராக லேப்டாப்பின் ஹெட்போன் துளையில் செருகுபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டுடியோ ரக கண்டென்சர் மைக் பலவற்றுக்கு 48 வோல்ட் மின்சாரம் தேவை. அந்தத் துளையில் அது வராது. குரல் சன்னமாக, இரைச்சலோடு வருவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

பிரச்னை 5: ஹெட்போன்ல சூப்பர், செல்போன்ல சப்பை

ராத்திரி மூன்று மணி வரை உட்கார்ந்து மிக்ஸ் பண்ணி, காலையில் செல்போனில் போட்டால் தவிலைக் காணோம்! எங்கே போச்சு?

செல்போனின் சின்ன ஸ்பீக்கரால் தாழ்ந்த ஒலியைத் தள்ள முடியாது. தவிலின் தொப்பிப் பக்கம், கிக் டிரம், பேஸ் கிட்டார் எல்லாம் அங்கே அடங்கிவிடும். உங்கள் பாட்டைக் கேட்கப்போகிற பெரும்பாலானோர் கையில் இருப்பதோ செல்போன்தான்.

காதும் ஏமாற்றும். சத்தம் குறைவாக இருக்கும்போது மனிதக் காது தாழ்ந்த ஒலியைக் குறைவாகவே உணரும் என்பதை ஃபிளெட்சர், மன்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து காட்டினார்கள். அதனால் ஃபுல் சவுண்டில் வைத்து மிக்ஸ் செய்தால் எல்லாமே பிரமாதமாகத் தெரியும். சத்தத்தைக் குறைத்தால்தான் உண்மை வெளியே வரும்.

செய்ய வேண்டியவை:

* பக்கத்தில் ஒருவர் பேசினால் கேட்கும் அளவுக்கு மட்டும் சத்தம் வைத்து மிக்ஸ் செய்யுங்கள்.
* நன்றாக மிக்ஸ் ஆன, அதே வகைப் பாட்டு ஒன்றை அவ்வப்போது போட்டு ஒப்பிடுங்கள்.
* குரல் கேட்கவில்லை என்றால் குரலை ஏற்றாதீர்கள். அதே அலைவரிசையில் மோதும் கீபோர்டையோ ஆர்மோனியத்தையோ குறையுங்கள். எல்லாவற்றையும் ஏற்றினால் எதுவும் கேட்காது.
* ஒரு முறை 'மோனோ'வில் கேளுங்கள். ஒரே ஸ்பீக்கர் உள்ள கருவிகளில் சில ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடும்.
* செல்போன், கார், சின்ன ஸ்பீக்கர் மூன்றிலும் போட்டுப் பாருங்கள்.
* ராத்திரி முடித்ததைக் காலையில் கேட்காமல் அப்லோடு செய்ய வேண்டாம். களைத்த காதை நம்பக் கூடாது.

பிரச்னை 6: கரண்ட் போச்சு, ஃபைலும் போச்சு

டெஸ்க்டாப்பில் வேலை செய்பவர் என்றால் யுபிஎஸ் அவசியம். சாஃப்ட்வேரில் 'ஆட்டோ சேவ்' வசதி இருந்தால் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை என வையுங்கள். பதிவின்போது வைஃபையை அணைத்து, பிரவுசரை மூடிவிட்டால் பாதி ஹேங் குறையும்.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு டிராக் நிமிஷத்துக்குச் சுமார் 8.6 எம்பி இடம் பிடிக்கும். பத்து டிராக், ஐந்து நிமிஷப் பாட்டு என்றால் 430 எம்பி. இதை ஒரு பென் டிரைவிலும் வேறொரு இடத்திலும் வைப்பது பெரிய செலவில்லை. அசல் ஃபைலை வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட்டாக அனுப்பிச் சேமிக்காதீர்கள், அது ஒலியைச் சுருக்கிவிடும். அனுப்பியே ஆகணும் என்றால் டாக்குமென்டாக அனுப்புங்கள்.

அப்லோடு செய்யும் முன்...

சினிமாப் பாட்டு கரோக்கேயில் பாடிப் போட்டால் யூடியூபின் 'கன்டென்ட் ஐடி' கண்டுபிடித்துவிடும். விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகலாம், வீடியோவே முடக்கப்படலாம். இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957-ன் 31சி பிரிவின்படி, ஒரு பாட்டு முதலில் பதிவான ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகே கவர் வெர்ஷன் செய்ய முடியும். அதற்கும் முன்கூட்டியே தகவல் தந்து ராயல்டி கட்டணும்.

நாட்டுப்புறப் பாட்டு யாருக்கும் சொந்தமில்லையே என்றால், பாட்டு பொதுவாக இருக்கலாம். ஆனால் பாடியவருக்கு நிகழ்த்துநர் உரிமை என்று ஒன்று உண்டு, அதை அதே சட்டம் 50 ஆண்டுகளுக்குத் தருகிறது. மேலே சொன்ன அப்பத்தாவுக்கும் அது பொருந்தும். பாடச் சொல்லும்போதே எங்கே போடப் போகிறோம் என்று சொல்லி அனுமதி வாங்குவதும், அவர் பெயரைப் போடுவதும்தான் முறை.

ஒலி அளவு பற்றிய கவலையும் வேண்டாம். ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் சராசரியாக மைனஸ் 14 லஃப்ஸ் என்ற அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடும். நீங்கள் அமுக்கி அமுக்கிச் சத்தமாக்கினால் அது குறைத்துவிடும். அமுக்கியதால் போன உயிர் மட்டும் திரும்பாது.

காசு இருந்தா முதல்ல எதை வாங்கணும்?

வரிசை இதுதான். முதலில் போர்வையும் மெத்தையும், அது வீட்டிலேயே இருக்கு. அடுத்து நல்ல வயர் ஹெட்போன். பிறகு டைரக்ட் மானிட்டர் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ். அதற்குப் பிறகுதான் மைக். சத்தம் அதிகமுள்ள இடம் என்றால் கண்டென்சரைவிட டைனமிக் மைக் பக்கத்தில் வைத்துப் பாடத் தோதாக இருக்கும். சாஃப்ட்வேருக்கு இப்போதைக்குச் செலவே வேண்டாம், அடாசிட்டி இலவசம். ஆப்பிள் கம்ப்யூட்டர் என்றால் கராஜ்பேண்டும் இலவசம்.

ஊரில் பாடத் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால் இந்த வரிசை முடியும் வரை காத்திருக்க வேண்டாம். செல்போனே போதும். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, ஃபேனை நிறுத்தி, அவரை ஜமக்காளத்தில் உட்காரவைத்து, ஒன்றிரண்டு அடி தூரத்தில் துணி மேல் போனை வையுங்கள். உச்ச வரியை முதலில் பாடவைத்து, கரகரப்பு இல்லையா என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள். மிக்ஸிங்கை அடுத்த வருஷம்கூடச் செய்துகொள்ளலாம்.